பின்கண்ணாடி

உள்தகட்டைப் பிடுங்கியதில் மூன்று கிளிப் உடைந்தது.
பத்தாம் நம்பர் ஸ்பேனருக்கு போல்ட்டுகள் இசைந்தன.
கண்ணாடியைத் துளைத்து நிற்கும் தண்டு மட்டும்
உப்பேறி, மாட்டேன் என்றது.
எண்ணெய் விட்டு, காபி குடித்து, திட்டி,
மறுபடி எண்ணெய் விட்டுக்
கழற்றினால் மோட்டாருக்குள்
ஒரு கரண்டி மழை.

மாற்று மோட்டார் ஹோக்னியின் காரிலிருந்து வந்தது.
க்ளாக்ஸ்விக்கில் பழைய பாகக் கடை ஒன்றுதான்;
யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை.
மீன் ஆலைக்குப் பதினோரு வருடம்
அவன் பின்னாலேயே போயிருக்கிறேன்.
ஒருநாளும் வழிவிட்டதில்லை.
பாதி வீச்சில் திக்கி, பிறகு போகும்
அந்தத் துடைப்பானை
வெளியிலிருந்தே எனக்குத் தெரியும்.

மறுநாள், சுரங்கச் சாலைக்கு முன்,
சுவிட்சைத் தட்டினேன்.
திக்கியது. போனது.
துடைத்த விசிறிக்குள்
ரன்வாவின் கார், ஹார்ன் அடித்தபடி.

அடிக்கட்டும்.
மெதுவாகவே போனேன்.