வசூல் நாள்

குருப்பணி விண்ணப்பத்தில் ஒரு கேள்வி:
அழைப்பை எவ்விதம் உணர்ந்தீர்?
மூன்று கோடு விட்டிருந்தார்கள்.
குரல் ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதி
வெட்டினேன்.

சித்தாண்டியில் ஒரு செவ்வாய்க்கிழமை.
நுண்கடன் கம்பனிப் பை தோளில்.
மோட்டார் சைக்கிளை நிறுத்த முன்னமே
கதவு தாழிட்டுக்கொண்டது.
உள்ளே ஒரு பிள்ளை தும்மியது.
அடுத்த தும்மலை ஒரு கை பொத்தியது,
அதுவும் கேட்டது.

தவேந்தினி. பன்னிரண்டு கிழமை நிலுவை.
அயலுக்குக் கேட்கப் பேரைக் கூப்பிடு,
வெட்கம்தான் வட்டியைக் கொண்டுவரும் என்று
எங்களுக்குப் பயிற்சி.
ஏழு வருடம் கூப்பிட்டிருக்கிறேன்
கிரான் முதல் வாகரை வரை.
அன்றைக்கு வாயைத் திறந்தேன்,
பேர் வரவில்லை.
வேலியில் காய்ந்த சின்னச் சட்டையைப் பார்த்தபடி
வெயிலில் நின்றேன்.
மறுகா கிறுகி வந்துவிட்டேன்.

அவ்வளவுதான்.
இதை எப்படி மூன்று கோட்டில்?

நேர்முகத்தில் ஒரு குருவானவர் கேட்டார்:
தம்பி, இது அழைப்பா, குற்றவுணர்வா?
தெரியாது ஃபாதர் என்றேன்.
பேனையை மூடி வைத்தார்.
மற்றவர் எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார்.

அங்கிக்கு அளவெடுத்த தையல்காரன்
இடது தோள் தாழ்ந்திருக்கு என்றான்.
பை தொங்கிய தோள்.

வரும் ஞாயிறு புளியந்தீவு ஆலயத்தில்
பேராயர் முன்னிலையில்
சபை முழுக்கக் கேட்க
என் பேரைக் கூப்பிடுவார்கள்.
இதோ இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும்.
குளியலறையில் சொல்லிப் பார்க்கிறேன்
தண்ணீரைத் திறந்துவிட்டு.

வாழைச்சேனை பஸ் சித்தாண்டியில் நிற்கும்போதெல்லாம்
இன்னும் குனிந்து
செருப்பு வாரைச் சரிசெய்கிறேன்.
யாரோ ஏறுகிறார்கள்.
தும்மல் வருகிறது,
மூக்கைப் பொத்திக்கொள்கிறேன்.