பொட்டலத்தின் மேல் இருக்கும் கை

பாடாங் செராய் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ரொட்டி சானாய் கம்பெனி.
காலை ஐந்தரைக்கு முதல் உருண்டை என் முன்னால் வந்துவிடும்.
தட்டி, இழுத்து, வீசி, மடித்துச் சுருட்டி
ஒரு நாளைக்கு எண்ணூறு.
ஆயிரம் தொட்டால் பத்து வெள்ளி அலவன்ஸ்.
இரண்டே முறை வாங்கியிருக்கிறேன்.
ஒன்று மகளின் மூக்குக்கண்ணாடிக்குப் போனது,
மற்றது எங்கே போனதென்று தெரியவில்லை.

என் ரொட்டியில் ஓர் ஓரம் எப்போதும் தடித்துவிடும்.
கல்லில் அதுதான் கடைசியாக வேகும்.
ரஹிமா அந்த ஓரத்தைத்தான் பிய்த்துத் தரச் சொல்வாள்,
பசியாறும் நேரத்தில்.

இயந்திரம் லாரியில் வந்தது.
அதற்கும் எலுமிச்சம்பழம், அதற்கும் கற்பூரம்.
சந்தனம் குழைத்தவள் நான்.
மணிக்கு ஐயாயிரம் என்றார் சூப்பர்வைசர் சந்திரகாசன்,
என்னிடம் சொல்லாமல்
இயந்திரத்திடமே சொல்வதுபோல.

முதலில் நேப்பாளப் பையன்கள் போனார்கள்,
பெர்மிட் முடிந்ததாம்.
அப்புறம் ரஹிமா.
அப்புறம் கூலிமிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் பூமாதேவி.
என்னை மட்டும் வைத்திருந்தார்கள்,
படம் எடுக்க.

போட்டோக்காரன் சீனப் பையன், தன்மையானவன்.
"அக்கா, இன்னும் கொஞ்சம் உயர" என்று கையால் காட்டினான்.
மாவு விரிந்து என் முகத்தை மறைத்தது.
அதுதான் வேண்டுமாம்.
இருபத்திரண்டு தடவை வீசினேன்.
உறையில் ஐம்பது வெள்ளி.
அன்று வீசிய மாவை யாரும் சுடவில்லை.

இப்போது செம்பனை நாற்றுப்பண்ணையில்
பைகளில் மண் நிரப்புகிறேன்.
சம்பள நாளில் சூப்பர்மார்க்கெட்,
உறைபெட்டியின் கதவைத் திறந்தால் குளிர்ப்புகை,
அதற்குள் அடுக்கடுக்காக என் கைகள்.
மணிக்கட்டில் கல் சுட்ட தழும்பு இல்லை.
கறுப்புக் கயிறு இல்லை.
நகங்கள் யாருடையவையோ.
சுண்டுவிரலின் கோணலை மட்டும் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள்,
பன்னிரண்டு வயதில் ஒடிந்தது,
தோட்டத்து டிரஸர் அவசரமாகக் கட்டிய கட்டு.

"அம்மா, ஆஃபர் போட்டிருக்காங்க."
மகள் கூடைக்குள் ஒன்றைப் போட்டுவிட்டாள்.
காசு வாங்கவும் அங்கே ஆளில்லை.
கண்ணாடித் தட்டின் முன் பொட்டலத்தை நீட்டினாள்.
சிவப்புக் கோடு
என் சுண்டுவிரல்மேல் ஊர்ந்து போனது.
ஒன்றும் சொல்லவில்லை.
"பக்கம் தப்பும்மா" என்று திருப்பினாள்.
பீப்.
எட்டு வெள்ளி தொண்ணூறு காசு.

வீட்டில் கல்லைக் காயவைத்தேன்.
எல்லா ஓரமும்
ஒரே நேரத்தில் வெந்தது.