நிஷாதத்தில் குடியிருப்பது

கீபோர்டின் வெள்ளைக் கட்டைகள் மட்டும்.
ஸட்ஜத்தில் தொடங்கினால் சங்கராபரணம்,
ரிஷபத்துக்கு வீடு மாறினால் கரகரப்பிரியா,
பிறகு தோடி, கல்யாணி, அரிகாம்போதி, நடபைரவி:
படிக்குப் படி ஒரு பெயர்ப்பலகை.
நிஷாதத்துக்கு மட்டும் இல்லை.
அங்கே பஞ்சமம் நிற்க வேண்டிய இடத்தில்
அரைச் சுரம் உள்ளே தள்ளி
இரண்டாவது மத்திமம் நிற்கிறது.

மேற்கில் இதற்கு லோக்ரியன் என்று பேர்.
பேர் வைத்தவர்களும் அதிகநாள் குடியிருக்கவில்லை.

எனக்கு இது விளங்கியது வேலியால்.
போன மாரியில் குலவீரசிங்கத்தார் கிளுவை நட்டபோது
கதியால் ஒரு முழம் எங்கள் பக்கம் வந்தது.
உறுதியில் இப்போதும் இரண்டரைப் பரப்புத்தான்;
கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கையில்தான்
முழங்கை இடிபடுகிறது.
இந்த முறையிலும்
எண்ணிப் பார்த்தால் ஏழு சுரம் சரியாக இருக்கும்.
சாய்ந்துகொள்ளத்தான் ஒன்றும் இல்லை.

பார்மசி பூட்டி வந்து, இரவு எட்டரைக்குப் பயிற்சி.
சுருதிப்பெட்டியை அணைத்தேன்,
அதற்குப் பஞ்சமத்தை விட மனம் வராது.
இடக்கைச் சுண்டுவிரலைக்
கீழ் நிஷாதத்தில் ஊன்றி எடுக்காமல்,
இதுதான் ஸட்ஜம், இதுதான் ஸட்ஜம் என்று
காதுக்குச் சத்தியம் செய்து
வலக்கையால் ஏறி இறங்கினேன்.
அந்தக் கோணல் மத்திமத்தில்
கொஞ்சம் கூடுதலாகவே நின்றேன், பழகட்டும் என்று.
ஆனாலும் முடிக்கும்போது விரல்
பக்கத்துக் கட்டைக்கு வழுக்கியது,
அரைச் சுரம் மேலே,
பழைய வீட்டு வாசலுக்கு.
ஒன்பது நாள் வழுக்கியது.

பத்தாம் நாள்
இறங்கி, நிஷாதத்தில் நின்று, நிறுத்தினேன்.
வேலிக்கு அப்பால் கோப்பைச் சத்தமும் நின்றது.
கோண்டாவில் டிப்போ பஸ்களின் பின்கதவில்
முப்பது வருடம் தொங்கி விசிலடித்த மனுசன்
இருட்டுக்குள்ளிருந்து அடித்தார்
ஒற்றைச் சுரம்.
பிசகாத ஸட்ஜம்.

"முடிக்காமல் விடாதையும்.
சோறு இறங்குதில்லை."

ஏழு மாதத்தில் என்னோடு பேசிய முதல் பேச்சு.

திரும்ப வாசித்தேன்.
திரும்ப அங்கேயே நிறுத்தினேன்.
அவரும் விடவில்லை, அடித்தார்.
கோபமா, பகிடியா, தெரியாது.
கதியால் நட்ட இடத்திலேயே நின்றது.
சுண்டுவிரலை நான் எடுக்கவில்லை.

அவருக்கு அது ஸட்ஜம்.
எனக்கு, அன்றிரவு முதல்முறையாக,
சுத்த ரிஷபம்.