இருநூறு எழுத்துக்கு மேல்

வார்டோவில் நவம்பர் பாதி.
சூரியன் எட்டிப் பார்த்துவிட்டு
இரண்டு மணி நேரத்தில் போய்விடும்.
துறைமுக அலுவலகத்தில் என் வேலை
புயல் வந்தால் படகுகளுக்குச் சொல்லும் நிரல்.

ஆறு வருடம் முன்பு எழுதியது.
தரவுத்தளத்துக்குள்ளேயே குடியிருக்கிறது.
வாசலில் ஒரே ஒரு துளை, ஒரு சரம்தான் நுழையும்.
படகு எண்களைக் காற்புள்ளியால் கோத்து
அந்தத் துளையில் தள்ள வேண்டும்;
உள்ளே போனதும் காற்புள்ளிதோறும் வெட்டிக்கொள்ளும்.
சரம் எவ்வளவு நீளம் என்று கேட்டது.
இருநூறு எழுத்து என்று போட்டேன்.
சாப்பாட்டு நேரமாகியிருந்தது.

அன்று கடலில் நாற்பத்தோரு படகு.
சோல்ஃப்ரித் பட்டியலை அனுப்பினாள்.
பழைய படகு இரண்டுக்கு மூன்றிலக்கம், மற்றதெல்லாம் நாலிலக்கம்.
நாற்பது படகும் காற்புள்ளிகளும் சேர்த்து
நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
மிச்சம் இரண்டே இடம்.
கடைசிப் படகு 2746
27 ஆக உள்ளே போனது.
பிழை என்று ஒரு வரி வரவில்லை.
ரத்தம் காட்டாத கத்தி.

27 எய்லர்ட்டின் படகு.
பதினோரு வருடம் முன்பு உடைத்து
இரும்பு விலைக்குப் போட்டாயிற்று.
பதிவேட்டில் யாரும் அடிக்கவில்லை.
அவர் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.
கைபேசி நடுங்கியது:
புயல் எச்சரிக்கை. உடனே கரை திரும்பவும்.

இல்லாத படகை எங்கிருந்து திருப்புவது?
அடுப்பை அணைத்தார்,
கோட்டு மாட்டினார், டார்ச்சை எடுத்தார்,
என்னவோ கடமை மாதிரி
படகுத்துறைக்கு நடந்து போய்
விளக்குகளை எண்ணினார்.
அவருடைய பழைய இடத்துக்கு அடுத்த இடம் காலி.
தோர்குன் அங்கேதான் கட்டுவாள்,
எப்போதும் பின்பக்கமாக நுழைத்து.
கிட்ட நின்ற படகில் ஏறி வானொலியை எடுத்தார்:
"ஹாவெல்லா, ஹாவெல்லா, எங்கே இருக்கிறாய்?"
"மீன் நன்றாக விழுகிறது. ஏன்?"

இரவு இரண்டுக்கு வந்து சேர்ந்தாள்.
சுக்கான் அறையில் ஒரு கண்ணாடி போயிருந்தது.
கூடப் போன அண்ணன் மகனுக்கு
நெற்றியில் நாலு தையல்.

விடிய விடிய அந்த நிரலின் முன் உட்கார்ந்திருந்தேன்.
விடிய என்பது பேச்சுக்கு; இங்கே விடியாது.
காற்புள்ளி எங்கள் மொழிக்குப் பிந்தி வந்தது, கப்பலேறி.
அதற்கு முன் எண்ணிச் சொல்ல 'உம்' போதும்:
நீயும் நானும் அவளும்
கடைசியில் ஓடிவந்து ஏறிய பையனும்.
ஆளுக்கு ஓர் 'உம்'.
வாலை வெட்டினால் வாக்கியம் நொண்டும்,
கேட்பவர் "அப்புறம்?" என்பார்.
என் நிரலுக்கு
அப்புறம் கேட்கத் தெரியவில்லை.
நான் சொல்லித்தரவில்லை.

புதிதாக எழுதினேன்.
இப்போது சரமில்லை, அட்டவணையே உள்ளே போகும்.
படகுக்கு ஒரு வரிசை.
அனுப்பியது எத்தனை, வந்து சேர்ந்தது எத்தனை,
இரண்டும் ஒக்காவிட்டால் கத்தும்.
சோல்ஃப்ரித் நானூறு பொய்ப் படகுகளை அனுப்பிப் பார்த்தாள்.
நானூறும் சேர்ந்தன.

வியாழனன்று தோர்குன் வந்தாள்,
ஈரக் கையுறையை மேசைமேல் வைத்து
"என் எண்ணைக் காட்டு" என்றாள்.
காட்டினேன்.
திரையில் விரலால் தொட்டாள். ஒரு சொட்டு உப்புநீர்.
"பக்கத்தில் யார்?"
"பக்கம் என்று எதுவுமில்லை. அவரவர் வரிசை அவரவருக்கு.
ஒருவர் நீண்டால் இன்னொருவர் குறைய மாட்டார்."
பெருமையாகத்தான் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"படகை நாங்கள் அப்படிக் கட்டுவதில்லை" என்றாள்.
கையுறையை மாட்டிக்கொண்டு போனாள்.

27 ஐ நீக்கவா என்று கேட்டு
எய்லர்ட்டுக்கு எழுதிய கடிதம்
இன்னும் என் இழுப்பறையில்.