உடுப்பில்லாமல் வந்த பக்கம்

மண்டபம் ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடி.
கீழே கட்டி உடைக்கும் சத்தம்.
மேலே நான், ஒரு மடிக்கணினி,
உப்புப் பூத்த மின்விசிறி.

பாசி எடுக்கும் பெண்கள் சங்கத்துக்கு
முன்பே ஒரு தளம் இருந்தது.
திறந்தால் அலை அசையும், சங்கு சுழலும்,
மூன்றாவது நிமிடம் விலை வரும்,
அதுவும் படமாக.
தேடினால் அகப்படாத எழுத்து.
மிச்சமிருந்த வரிகளோ
அந்த எழுத்துரு இல்லாத போனில்
கட்டக்கோரை என்ற சொல்லை
இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாகச்
சிதறிப் போட்டிருக்கும்.

“கல்யாண ஆல்பம் மாதிரி இருக்குக்கா,
எனக்கு விலைதான் வேணும்”
என்றாள் சின்னப்பாலம் ஃபெல்சியா.

அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன்.
தலைப்பைத் தலைப்பு என்றேன்.
பட்டியலைப் பட்டியல் என்றேன்.
பொத்தான் வேஷம் கட்டிய வெறும் பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப்
பொத்தானையே வைத்தேன்.
இந்தப் பக்கம் தமிழ் என்று
முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.
ழகரத்துக்கு உலகம் ஒப்புக்கொண்ட எண் ஒன்று இருக்கிறது.
எந்தக் கம்பெனியும் அதைத் தன் இஷ்டத்துக்கு
மாற்ற முடியாது.
அந்த இரவு அது எனக்குப் பெரிய ஆறுதல்,
ஏனென்று தெரியவில்லை.

பொருளாளர் காளிமுத்தாள் பார்த்தார்.
“இவ்வளவுதானா? இதுக்கா காசு?”
பதில் வரவில்லை எனக்கு.
மேலே கொஞ்சம் நீலம் பூசிக் கொடுத்தேன்.

வேதாளை இபுராம்சா பாசி வாங்குகிறவர்.
பார்வை கிடையாது. போன் வாசித்துக் காட்டும்,
அவர் காதுக்கு மட்டும் எட்டுகிற வேகத்தில்.
பழைய தளத்தில் அது
படம் படம் இணைப்பு படம் என்று
விக்கிக்கொண்டே கிடக்குமாம்.
இப்போது தலைப்பு விட்டுத் தலைப்பு தாவி
மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, பக்கோடாப்பாசி என்று
ஒரு மூச்சில் போய் நிற்கிறார்.
ஒருநாள் கூப்பிட்டார்:
“தங்கச்சி, படம் நாலுன்னா என்ன?”
என் தப்புதான். சோம்பலில் அப்படியே விட்டிருந்தேன்.
‘சாக்கின் மேல் உலர்ந்த கஞ்சிப்பாசி, ஈரம் குறைவு’ என்று
திருத்தினேன்.
மறுபடி கூப்பிட்டார்.
“சாக்கு சரி. ஈரத்தை நீ சொல்லாதே,
அது நான் தொட்டுப் பாக்க வேண்டியது.”

கார்த்திகை, வாடை திரும்பி அடித்த இரவு.
பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு.
அந்தக் கூண்டுக்கு யாரும் ரிப்பன் கட்டுவதில்லை.
தொண்டிக்காரனுக்கும் அது மூன்று,
கொல்லத்திலிருந்து வந்து ஒதுங்கியவனுக்கும் அது மூன்று.
புதுசாய் இருக்கட்டுமே என்று எவனாவது
தன் ரசனைக்கு ஒரு விளக்கைத் தொங்கவிட்டிருந்தால்?

டவர் விழுந்தது. போன்களெல்லாம்
எதிர்க்கரைச் சிக்னலைப் பிடித்துக்கொண்டு
இலங்கைக்கு நல்வரவு சொல்லிக்கொண்டிருந்தன.
ஒரு கோடு வரும், போகும்.
அந்த ஒரு கோட்டில், மகனின் கீறல் விழுந்த போனில்,
ஃபெல்சியா பக்கத்தைத் திறந்திருக்கிறாள்.

அரைகுறையாய்த்தான் போயிருக்கிறது.
நீலம் போகவில்லை. படம் போகவில்லை.
அளவும் அழகும் சொல்லும் கோப்பு
பாக் நீரிணையில் எங்கோ விழுந்துவிட்டது.
வெள்ளையில் கறுப்பு, இடது ஓரமாய்,
குளித்துவிட்டு ஓடி வந்த பிள்ளை போல நின்றிருக்கிறது:

நாளை கடலில் இறங்க வேண்டாம்.

அதன் கீழே, புள்ளி புள்ளியாய்,
உலரப் போட்டதைக் கொட்டகைக்கு ஏற்றவும்,
சாக்குகளைத் தரையில் வைக்க வேண்டாம்,
விலையில் மாற்றமில்லை.

விடியற்காலை மூன்றே காலுக்கு
அவள் அனுப்பிய செய்தி
ஐந்தரைக்கு வந்து சேர்ந்தது:
“அக்கா உன் தளம் ஒடஞ்சு போச்சு.
ஆனா வாசிச்சிட்டேன்.
பதினெட்டு சாக்கு ஏத்தியாச்சு.”

இரண்டாவது வரியை
ஐஸ் கம்பெனி மறுபடி இரையத் தொடங்கும்வரை
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காற்று அடங்கி நாலாம் நாள் சங்கக் கூட்டம்.
ஃபெல்சியாவின் போனை வாங்கிக்
கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்துவிட்டுக்
காளிமுத்தாள் கேட்டார்:
“நீலத்துக்கும் சேத்துத்தானே குடுத்தோம்,
அது எங்கே?”