ஒண்ணரை பீடி

எவ்வளவு நேரம் இழுத்துதுன்னு கேட்டாவ.
நொடிக் கணக்கு எனக்குத் தெரியாது.
ஒண்ணரை பீடி நேரம்னேன்.

ஜெபராணி சிஸ்டர் சிரிக்கப் போயி நிறுத்திக்கிட்டா.
டாக்டரம்மா சிரிக்கல.
கைக்கடியாரத்தை அவுத்து மேசையில வச்சு
சுத்துங்க பாப்போம்னாவ.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, பச்சிளங்குழந்தை வார்டு,
பெறந்து மூணாம் நாள்.
தையல் சுண்ட எந்திச்சு நின்னு
இலையில்லாம தூளில்லாம
வெறும் விரல்ல சுத்தினேன்,
நுனி மடக்கி, நூல் போட்டு.
முப்பத்திரெண்டு நொடி.
நாப்பத்தெட்டுன்னு சீட்டுல எழுதினாவ.

இழுப்புன்னா வெட்டி வெட்டி இழுக்கும்னு நெனச்சிருந்தேன்.
இவ சைக்கிள் மிதிச்சா.
பாபநாசம் ரோட்டு ஏத்தத்துல போற மாதிரி
பைய, ரெண்டு காலும் மாத்தி மாத்தி.
உதடு மட்டும் பால் குடிச்சுது
பால் இல்லாத எடத்துல.
கண்ணு ஒரு பக்கமாப் போயி
ட்யூப் லைட்டுல நின்னுது.
அழகா இருக்குன்னு
மொதல்ல அவ அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
இதை டாக்டரம்மாகிட்டச் சொல்லல.

சர்க்கரை பாத்தாவ, சரி.
சுண்ணாம்புச் சத்து சரி.
முதுகுத்தண்டு நீர் தெளிவு.
ஒவ்வொண்ணும் சரிங்கச் சரிங்க
எனக்கு வயித்தைப் பெசஞ்சுது.

முக்கூடல்ல ஆளுக்கொண்ணு சொன்னாவ.
உச்சி வெயில்ல ஆத்தைத் தாண்டினா.
சீர் தட்டிருச்சு.
மேலப்பாளையத்துல ஓதி ஊதிட்டு வா.
புகையிலைத் தூளான்னு நாந்தான் கேட்டேன்.
டாக்டரம்மா கொஞ்ச நேரம் பேசல.
"பெறந்தப்ப மூச்சு வர
அஞ்சு நிமிஷம் ஆயிருக்கு, உலகம்மாள்.
மூளைக்கு அது ரொம்ப நீளம்."

அன்னைக்கு ராத்திரி வராந்தாவுல படுத்துக் கணக்குப் போட்டேன்.
அஞ்சு நிமிஷம்.
ஒம்பது பீடி முடிஞ்சு
பத்தாவதுக்கு இலை பாதி உருண்டிருக்கும்.
அவ்வளவு நேரமும் அங்கனதான் கெடந்தேன்
பொண்ணா பையனான்னு கேட்டுக்கிட்டு.

மருந்து ஏத்தி நின்னுது.
பதினோராம் நாள் அனுப்புனாவ.
நடப்பாளா?
நடக்கலாம். பிந்தலாம்.
ஒரு பக்கம் இறுகலாம்.
திரும்ப வரலாம், வராமலும் போகலாம்.
அவ அப்பா தலையை ஆட்டிக்கிட்டே இருந்தாவ,
கம்பெனியில பீடியைக் கழிச்சுப் போடும்போது
நான் ஆட்டுவேனே, அப்படி.

லிஃப்ட்டுகிட்ட ஜெபராணி சிஸ்டர் ஓடி வந்தா.
"ஏட்டி, கால் ஆடினா பையப் புடிச்சுப் பாரு.
நின்னா வெறும் நடுக்கம்.
கைக்குள்ளயும் ஆடினா
அந்த நிமிஷமே கெளம்பிரு."

இப்ப நாலு மாசம்.
சொளவுக்கு அந்தப் பக்கம் கெடக்கா.
ஒரு கண் இலையில, ஒரு கண் இவ குதிகால்ல.
நாளைக்கு முந்நூறு பீடி கொறைஞ்சு போச்சு.

நேத்து கால் ஆடிச்சு.
பைய, மாத்தி மாத்தி.
நூலைப் பல்லுல கடிச்சுக்கிட்டே எட்டிப் புடிச்சேன்.
கைக்குள்ள
நின்னுது.
விட்டேன்.
உதைச்சா பாருங்க சொளவை,
எண்ணி அடுக்கின இருபத்திநாலும்
தெசைக்கொண்ணா.