எண்பத்து மூன்றாம் பக்கம்

புதுப் பதிப்பு வந்துவிட்டது.
கொழும்பிலிருந்து இரவு ரயிலில்
மடியில் வைத்தே கொண்டுவந்தான் தர்ஷிகரன்.
மாகோவில்கூட இறங்கித் தேத்தண்ணி குடிக்கவில்லையாம்.

கெட்டி அட்டை, வழுக்கும் தாள்.
பக்கத்தில் எங்கள் பழையது:
கல்லடி போட்டோ கொப்பிக் கடையில் அடித்து
சுருள்கம்பி போட்டு
பதினொரு வருடம் எங்களோடு பிளேன்ரீ குடித்தது.

டெஸ்மன்ட் பார்த்தலோட்டின் பற்றறிக் கடை மேல்மாடி.
மின்விசிறி இரண்டில். மூன்றில் வைத்தால்
வரைபடம் பறக்கும், கூடவே ஒரு ராச்சியம்.
கதை நடத்துகிறவள் நான்.
கொண்டக்டர் என்பார்கள்,
ரிக்கெட் கிழிப்பது மட்டும்தான் மிச்சம்.

சண்டை உயிர்ப்புள்ளியில் தொடங்கியது.
பழையதில் பத்தொன்பது, புதியதில் ஆறு.
"ஆறா? என்ர ஆள் முதலையோட கட்டிப் புரண்டவன் மனே,
இனி நுளம்பு கடிச்சாலே செத்துருவான்."
"முதலைக்கும் குறைச்சிருக்கு. நாலுதான்."
"அப்ப அது முதலை இல்ல, ஓணான்."

சஹ்மியா கணக்கு ரீச்சர்.
காத்தான்குடியிலிருந்து தம்பியின் ஸ்கூட்டியில் வருவாள்,
பத்துக்குத் திரும்ப வேண்டும்.
அட்டவணையே போட்டு வந்திருந்தாள்:
பழைய எண்ணை மூன்றால் வகு, மிச்சத்தை விடு.
"அந்த மிச்சம் ஒண்டாலதான் புள்ள
நான் முதலைய வெண்ட" என்றான் டெஸ்மன்ட்.

முந்தைய பதிப்புகளுடன் பொருந்தும் என்று
அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.
கலியாணச் சாத்திரியும் அப்படித்தான் சொல்வார்.
பத்தில் ஏழு பொருத்தம். ரச்சு?
அதை மாப்பிள்ளை வீடு கேட்டால் பார்ப்போம்.

"புதுப்பாலம் வந்த பிறகு
பழைய பாலத்தில லொறி போகுதா?"
"போகாது. தூண்டில் போடலாம்."

எனக்கு அலுத்துவிட்டது.
எண்பத்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன்.

எங்கள் பிரதியில் அது இல்லை.
கடைப் பையன் போன் எடுத்த நேரத்தில் தவறியிருக்கும்.
எண்பத்திரண்டு இப்படி முடியும்:
'ஒருவர் நீண்ட காலம் மேசைக்கு வராவிட்டால் அவருடைய பாத்திரத்தை'
மறுகா எண்பத்து நாலு: கயிறு, லாந்தர், விலைப்பட்டியல்.

இம்தாத் டோகா போனபோது
அவனுடைய ஓடக்காரன் நடு வாவியில் நின்றான்,
இரவு, துடுப்பு தண்ணீருக்கு மேலே.
நிற்கட்டும் என்று முடிவெடுத்தோம்.
யார் அந்த நீரைக் கடந்தாலும்
அவனுக்காக ஒரு தடவை கட்டை உருட்ட வேண்டும்,
ஆறுமுகனுக்கே ஆறுதான், இதற்கு இருபது முகம்.
இருபது விழுந்தால் துடுப்புச் சத்தம் கேட்கும்.
நாலு வருடத்தில் இரண்டு தரம் விழுந்தது.
முதல் தரம் அவனுக்கு எழுதினோம்.
'தண்ணி எவ்வளவு ஆழம்?' என்று மட்டும் கேட்டான்.

புதியதில் வாக்கியம் முழுசாக இருந்தது.
தர்ஷிகரன்தான் வாசித்தான்:
'அவருடைய பாத்திரத்தை நீக்கிவிட்டு உடைமைகளை மற்றவர்களுக்கு'
அங்கேயே நிறுத்தினான்.
"இது விருப்ப விதியாத்தான் இருக்கும்" என்றான்.
இல்லை. நான் பார்த்தேன்.
ஓடக்காரன் என்ற தொழிலே இல்லை,
பயணி என்பதில் சேர்த்துவிட்டார்கள்.

"மற்றது," என்றாள் சஹ்மியா, "புதுசில பத்து முகக் கட்டைதான்.
ரெண்டு உருட்டி இருபது வாறதென்டா நூறில ஒண்டு."
யாரும் பேசவில்லை.
கீழே எவனோ ஷட்டரைத் தட்டி
ஓட்டோவுக்குப் பற்றறி கேட்டான்.
கடை பூட்டு என்று கத்தினான் டெஸ்மன்ட்,
மறுகா இறங்கிப்போய் விற்றுவிட்டு வந்தான்.

பழைய இருபதை அவள் உருட்டினாள்.
ஏழு.
ஸ்கூட்டி ஹோர்ன் அடித்தது. போய்விட்டாள்.

புதியதில்தான் விளையாடுகிறோம் இப்போது.
எண்பத்திரண்டு வரைக்கும், பிறகு எண்பத்து நாலிலிருந்து.
டெஸ்மன்ட் ஆறுக்கு ஒத்துக்கொண்டான்.
"ஆனா அந்த மிச்சத்தையும் எழுது" என்றான்,
"ஓரத்தில, சின்னதா."
எழுதினேன். பென்சிலால்.
பேனையால் எழுது என்று
இன்னும் சண்டை நடக்கிறது.